கல் லோரியில் இருக்கும்

என் தம்பியைத் திறமைசாலி என்று யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். கணினி விளையாட்டில் அவன் கை எப்படிப்பட்டது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது. அவன் எய்த ஒவ்வொரு கல்லும் எங்கே போய் விழுந்தது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கோபம் வேறு. அவனைத் திறமைசாலி என்று சொன்ன மறுநிமிடமே, அவனோடு சேர்ந்து ஆடிய மற்ற மூன்று பேரையும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த மூன்று பேரைப் பற்றிக் கவலைப்படுவதும் என் வேலையில் சேர்ந்ததுதான்.

பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சின்ன நிறுவனம். முதலாளி ஒரு சீனப் பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதில் எனக்கு 'பேலன்ஸ்' வேலை. எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு பலம், ஒருமுறை அடித்தபின் மறுபடி அடிக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், விழுந்தவன் எப்போது எழுந்திருக்கலாம் என்று நான்தான் முடிவு செய்வேன். அம்மாவிடம் இதை விளக்கப் பார்த்தேன். "தராசு புடிக்கிற வேல, அவ்வளவுதானே?" என்றாள். இத்தனை ஆண்டுகளில் என் தொழிலுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கும் கிடைக்கவில்லை.

விளையாட்டு இதுதான். ஊருக்குள் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு அணிகள், அணிக்கு நான்கு பேர், அணிக்கொரு லோரி. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தங்கள் லோரியை முதலில் கொண்டுசேர்க்கும் அணிக்கு வெற்றி. லோரி தானாக நகராது, தள்ள வேண்டும். அதிகம் பேர் தள்ளினால் வேகமாகப் போகும். ஒருவர் முன்னால் கயிறு பிடித்து இழுப்பார், ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார், ஒருவர் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கிவிடுவார். நான்காமவனுக்குக் கூரைக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம். கடைகளின் கூரைமேல் ஓடி, உண்டிவில்லால் எதிரணியை அடித்துத் தண்ணீரில் தள்ளுவது அவன் வேலை. கல் பட்டால் உடனே அடுத்த கல்லை எய்யலாம். தவறினால் காத்திருக்க வேண்டும்.

காகிதத்தில் இது நியாயமாகத்தான் இருந்தது. சாதாரண ஆட்களுக்கு அரைவாசிக் கல் தவறும், அதனால் கணக்கும் சரியாக வந்தது. என் தம்பிக்குத்தான் கல்லே தவறவில்லை.

அவன் அப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் வெளியாட்களைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆள் குறைகிறதே என்று ஒரு சனிக்கிழமை அவனையும் கூப்பிட்டேன். வந்தவன் கூரைமேல் ஏறினான். எதிரணி நான்கு பேரையும் மாற்றி மாற்றித் தண்ணீரில் தள்ளிக்கொண்டே இருந்தான். அவனுடைய மூன்று தோழர்களும் யாரும் தடுக்காத ஒரு லோரியை மேடுவரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் வாரம் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஏன் பொய் சொல்ல வேண்டும். அடுத்த சில வாரங்களில் எதிரணியாக ஆட வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு அவன் அணியிலேயே முகங்கள் வாடத் தொடங்கின.

கம்போங் மேடானிலிருந்து ஒரு பெண் வருவாள். கிளினிக்கில் வேலை. விழுந்தவர்களைத் தூக்கிவிடும் பாத்திரத்தை விரும்பி எடுப்பாள். ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது கேம் மாதிரி இல்ல. லோரி தள்ளுற வேலைக்கு ஆள் எடுத்த மாதிரி இருக்கு. உங்க தம்பியே எல்லாத்தயும் முடிச்சிடுறாரு. நான் எதுக்குக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. கேட்டது நியாயமான கேள்வி.

இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் எதைச் செய்வார்களோ அதையே நானும் செய்தேன். கல்லின் வலுவைக் குறைத்தேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். தம்பி ஒரு மதியம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் புதுக் கணக்கு அவன் கைக்குப் பழகிவிட்டது, மறுபடி நான்கு பேரையும் தண்ணீரில் தள்ளினான். ஆனால் கூரைக்காரனை எடுத்த மற்ற எல்லோரும் அடி வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் அழுதார்கள். தம்பிக்காகப் போட்ட பூட்டில் ஊரே மாட்டிக்கொண்டது. முதலாளி ஆட்ட முடிவுகளின் வரைபடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மேசைக்குத் திரும்பினார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் விளையாட்டை வெளியிடலாமா என்று பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. செராஸில் ஒரு பேரங்காடியில் மேடை போட்டு, ஜோகூர் அணி ஒன்றை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் ஆடிக்காட்ட வேண்டும். எங்கள் அணிக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தோம். கூரையில் தம்பி. தூக்கிவிட அந்தக் கிளினிக் பெண். ஸ்டீயரிங்குக்குச் சுங்கை பூலோவிலிருந்து ஒருவர். கயிறு பிடிக்க, வேலை பெர்மிட்டில் வந்து எங்கள் அலுவலகத்திலேயே பிழை பார்க்கும் வேலையில் இருந்த திருச்சிக்காரர் ஒருவர்.

செராஸில் சம்பளத்துக்கு ஆட்களை வைத்துப் போட்டிகளில் ஆடவைக்கும் குழு ஒன்று உண்டு. அதன் மேனேஜர் தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். மேடையில் ஒருமுறை பார்க்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் சொன்னார். கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அது வேறு மாதிரியாக வந்து இறங்கியது.

"வேலய விட்டுட்டேன்மா," என்றான் தம்பி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. "ப்ராக்டிஸ் பண்ண நேரம் வேணும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நல்லா ஆடுறான்னு நீதானே சொன்னே?"

நான் எப்போது சொன்னேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் சொல்லித்தான் இருந்தேன்.

எல்லாம் உடைந்தது ஒரு ஒத்திகையில். அன்று எதிரணியாக ஆட நல்ல கைகளாகப் பார்த்துப் பிடித்திருந்தோம். பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் அணியின் லோரி சேற்றில் சிக்கியது. தண்ணீர் டயரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. எதிரணியில் மூன்று பேர் இறங்கிவிட்டார்கள். கயிற்றைப் பிடித்திருந்த திருச்சிக்காரர் தம்பியைக் கூப்பிட்டார். நான் பின்னால் நின்று அவர்கள் பேசுவதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ப்ரோ, லோரிகிட்ட வாங்க. மூணு பேர் இருக்கான்."

"வரேன்," என்றான் தம்பி.

திருச்சிக்காரர் கயிற்றை விடவில்லை. விட்டுவிட்டுப் பின்வாங்கியிருக்கலாம், அடியிலிருந்தாவது தப்பியிருப்பார். கிளினிக் பெண்ணும் நகரவில்லை. ஸ்டீயரிங்காரரும் அசையவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டானே, வருவான் என்று நின்றார்கள். அடி விழ விழ நின்றார்கள். தம்பி அந்த நேரத்தில் எதிர்த்திசையில், எதிரணியின் லோரியைத் தனியாக மடக்கக் கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான். இங்கே லோரி கவிழ்ந்தது. ஆட்டம் முடிந்தது.

திருச்சிக்காரர் அமைதியான மனிதர். அன்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வரேன்னீங்களே ப்ரோ. அத நம்பித்தானே நின்னோம்?"

"நான் கெளம்பறேன்னு சொன்னேன் அண்ணே. அந்தப் பக்கம் போறப்ப சொல்லிட்டுத்தான் போனேன்."

"வரேன்னு சொன்னீங்க."

"ஆமா. கெளம்பும்போது வேற எப்படிச் சொல்றதாம்? போறேன்னா சொல்வாங்க?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எங்கள் வீட்டில் வாசலைத் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லிவிட முடியாது, அம்மா அப்படியே பிடித்து நிறுத்திவிடுவாள். பாசாருக்குக் காய் வாங்கப் போனாலும் வேலைக்குப் போனாலும் 'வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திருச்சிக்காரர் வீட்டிலும் அதேதான் என்று பிறகு சொன்னார். ஆனால் தண்ணீரில் நின்று ஒருவன் கூப்பிடும்போது வரேன் என்றால் வருவதுதான். தம்பிக்குக் கூப்பிட்ட குரலே காதில் விழவில்லை. அவன் மனம் அப்போதே வாசலைத் தாண்டியிருந்தது, அதனால் வாயில் அந்தச் சொல் தானாக வந்தது.

மறுநாள் அந்தப் பதிவை முதலாளிக்குப் போட்டுக்காட்டினேன். பக்கத்தில் எங்கள் மலாய் புரோகிராமரும் இருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள். சொன்னேன். புரோகிராமர் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டார்.

"போகிறவர்கள் வருகிறேன் என்று சொன்னால், வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று மலாயில் கேட்டார்.

"அவர்களும் அதையேதான் சொல்வார்கள்," என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று முழுக்க அந்தச் சொல் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. தம்பி பொய் சொல்லவில்லை. வருவதற்கு அவனுக்கு அங்கே என்ன இருந்தது? கூரைக்காரனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் நான் கூரையிலேயே வைத்திருந்தேன். கல் கூரையில், வழி கூரையில், அடித்தால் கிடைக்கும் புள்ளி கூரையில். லோரிப் பக்கம் திரும்பிப் பார்க்க ஒரு காரணம்கூட நான் கொடுக்கவில்லை. கொடுக்காமலே, அவன் சேர்ந்து ஆடமாட்டேன் என்கிறான் என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் நான் நெட்போல் ஆடியவள். பெரிய ஆட்டக்காரி இல்லை, பெயர் கூப்பிட்டு யாரும் கத்தமாட்டார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பந்து கைக்கு வந்தவள் ஓடக் கூடாது. மாநில அணிக்கே ஓடுகிற பெண்ணாக இருந்தாலும் பந்தைப் பிடித்ததும் நிற்க வேண்டும், யாருக்காவது கொடுத்தாக வேண்டும். அவள் காலை யாரும் கட்டவில்லை. மற்ற நேரமெல்லாம் ஓட்டம் அவளுடையதுதான். அதே போன்ற ஒரு விதி என் விளையாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். எங்குமே இல்லை.

அந்த வாரமே மாற்றினேன். கூரைக்காரனின் பழைய பலத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன், கொஞ்சம் கூட்டவும் செய்தேன். ஆனால் கற்களைக் கூரையிலிருந்து எடுத்துவிட்டேன். கல் லோரியில் இருக்கும். பையில் கொஞ்சம்தான் கொள்ளும். தீர்ந்தால் இறங்கி வந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். லோரியில் இருப்பவர் யாராவது முன்கூட்டியே பொறுக்கி வைத்திருந்தால் தொட்டதும் நிரம்பும். யாரும் பொறுக்கி வைக்கவில்லை என்றால் தண்ணீரில் நின்று அவனே பொறுக்க வேண்டும்.

முதல் சனிக்கிழமை வேறு யாரோ கூரையில் ஆடினார்கள், தம்பி அன்று வரவில்லை. கிளினிக் பெண் கல்லைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, "கல்லு ரெடி, வாங்க வாங்க," என்று பாசாரில் கூவி விற்பதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அறையில் நெடுநாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தம்பியிடம் இதைச் சொன்னது காரில். மழை. கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் போகும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவன் கைப்பேசியில் புது விதிகளின் குறிப்புகளை ஏற்கெனவே படித்துவிட்டிருந்தான்.

"ஒரே ஒரு மேட்ச்க்கா. அது முடிஞ்சதும் நீ என்ன வேணா மாத்திக்க."

"அந்த ஒரு மேட்சத்தான் அவங்க பாக்க வராங்க."

"செராஸ்காரங்களும் அதத்தான் பாக்க வராங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

நான் வைப்பரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "பலத்தக் கொறைக்கலடா. முன்ன இருந்ததவிட ஏத்தியிருக்கேன், பாத்தியா இல்லயா?"

"ஏத்திட்டு இடுப்புல கயிறு கட்டியிருக்கே."

"கயிறு இல்ல. கல்லு லோரில இருக்கு, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்." கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "வேலய விட்டுட்டேன்க்கா. உனக்கே தெரியும்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கெஞ்சியதுதான் தாங்கவில்லை. யாரிடமும் கெஞ்சாதவன். வீட்டுக்குப் போனதும் அம்மா வேறு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பிக்குப் பாத்து செய்," என்றாள். ஏதோ அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. தராசு என் கையில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முதலாளியிடம் போய், பழைய முறையிலேயே அந்த ஆட்டத்தை நடத்திவிடலாமா என்று நானே கேட்டேன். ஆமாம், கேட்டேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அவன் உன் தம்பி. பேலன்ஸ் உன் வேலை. நீ எதைச் சொன்னாலும் அதைப் போடுகிறேன்," என்றார். "ஆனால் எதைப் போடுகிறோமோ அதுதான் நம் விளையாட்டு என்று அவர்கள் நினைப்பார்கள்."

மனிதர்கள் ஏன் இப்படி நியாயமாகப் பேசுகிறார்கள் என்று அவர்மேல் எரிச்சலாக வந்தது. மேசைக்குத் திரும்பினேன். இரண்டு பதிப்புகளும் திரையில் இருந்தன. பழையதில் என் தம்பிக்கு வேலை கிடைக்கும், கிட்டத்தட்ட நிச்சயம். அதில் அந்தக் கிளினிக் பெண் மேடையில் எல்லோர் முன்னாலும் லோரி தள்ளிக்கொண்டிருப்பாள். நான் எதுக்குக்கா என்று கேட்டவளை மேடையில் ஏற்றி, எதற்கும் இல்லை என்று காட்ட வேண்டுமா? என் கை அதற்கு வரவில்லை. புதியதையே அனுப்பினேன். தம்பியிடம் சொன்னபோது அவன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு மேடை நாள்வரைக்கும் வீட்டில் எனக்கும் அவனுக்கும் இடையில் பேச்சு, உப்பு எடு, சாவி எங்கே, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பேரங்காடியில் நல்ல கூட்டம். பாதிப் பேர் குளிர்சாதனத்துக்காக வந்தவர்கள், பாதிப் பேர் உண்மையிலேயே பார்க்க வந்தவர்கள். சிங்கப்பூர்க்காரர்கள் முதல் வரிசையில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். செராஸ் மேனேஜர் ஓரத்தில், தொப்பி போட்டு, கைகட்டி நின்றார். மூன்று ஆட்டம். இரண்டை வெல்பவர்களுக்கு வெற்றி.

முதல் ஆட்டத்தில் தம்பி பிடிவாதம் பிடித்தான். கல் தீரும்வரை அடித்தான், அழகாக அடித்தான், கூட்டம் ஆர்ப்பரித்தது. தீர்ந்ததும் இறங்கி வராமல் எதிரணியைப் போக்குக் காட்டி இழுக்கலாம் என்று வெறுங்கையோடு கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான். ஜோகூர்க்காரர்கள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. லோரியை மடக்கிக் கவிழ்த்தார்கள். மேனேஜர் கைக்கட்டைப் பிரித்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது ஆட்டம் தொடங்குவதற்கு முன் கிளினிக் பெண் தம்பியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள். அவன் அவளைப் பார்க்காமலே தலையாட்டினான். அந்த ஆட்டத்தில் அவன் இறங்கி வந்தான். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் கல் தயாராக இருந்தது. தொட்ட வேகத்தில் நிரப்பிக்கொண்டு மறுபடி ஏறினான். இழுபறிதான், ஆனால் லோரி மேட்டை அடைந்தது.

மூன்றாவது ஆட்டத்தின் கடைசித் திருப்பம். இரண்டு லோரிகளும் மேட்டுக்கு அடியில் நிற்கின்றன. எங்கள் திருச்சிக்காரர் தண்ணீரில் விழுந்துவிட்டார், கிளினிக் பெண் அவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள், கயிறு சும்மா கிடக்கிறது. தம்பி கூரை விளிம்பில். பையில் கடைசிக் கல். கீழே எதிரணியில் இரண்டு பேர் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறார்கள். ஒரே கல்லில் இரண்டு பேரையும் சாய்க்கலாம். அவன் அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன், ஒத்திகையில் ஒருமுறை இல்லை, பலமுறை. கூட்டத்துக்கும் தெரிந்தது. எழுந்து நின்றார்கள். மேனேஜர் இரண்டடி முன்னால் வந்தார்.

அடி, என்று என்னை அறியாமல் வாய்க்குள் சொன்னேன். நான்தான் அந்த விதியை எழுதியவள், இருந்தாலும் சொன்னேன்.

தம்பி கல்லை எய்யவில்லை. கூரையிலிருந்து குதித்தான். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டு இழுத்தான். திருச்சிக்காரர் எழுந்து பின்னால் கைவைத்தார், கிளினிக் பெண்ணும் வைத்தாள். லோரி சேற்றை விட்டுக் கிளம்பியது. அடித்திருந்தால் அந்த இரண்டு பேரும் விழுந்திருப்பார்கள், ஆனால் எதிரணியின் மற்ற இருவரும் அதற்குள் அவர்கள் லோரியை ஏற்றியிருப்பார்கள். அந்தக் கணக்கு நான் பிறகு பதிவைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. அவனுக்கு அந்த நொடியிலேயே விளங்கியிருக்கிறது.

வென்றுவிட்டார்கள். நால்வரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திருச்சிக்காரர் தம்பியை அப்படியே தூக்கிவிட்டார். கூட்டம் கைதட்டியது, ஆனால் அதில் ஒரு தயக்கம் இருந்தது. வாணவேடிக்கை பார்க்கலாம் என்று எழுந்து நின்றவர்கள், நான்கு பேர் லோரி தள்ளியதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சத்தமாக அழுதுகொண்டிருந்தேன்.

சிங்கப்பூர்க்காரர்கள் முதலாளியின் கையைக் குலுக்கினார்கள். ஒப்பந்தம் பேசலாம் என்றார்கள். அவர் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரைத் தேடிப் போனேன். அவர் மேடைக்குப் பின்னால் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடுறீங்க பாஸ், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் கேள்விப்பட்டது வேற ஆளு லா. எனக்கு ஆள் கூட்டத்த இழுக்கணும், ஒரு ஸ்டார் வேணும். இங்க பாத்தா நாலு பேருமே ஒரே மாதிரி நல்லா ஆடுறாங்க. உங்கள மட்டும் எப்படித் தனியா எடுக்கறது, சொல்லுங்க."

நாலு பேருமே ஒரே மாதிரி நல்லா ஆடுறாங்க. என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வேறு யாராவது, வேறு எங்காவது சொல்லியிருந்தால் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருப்பேன். அந்த மனிதரின் தொப்பியைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. கடைசித் திருப்பத்தில் அவன் என்ன செய்தான் என்று உங்களுக்குத் தெரியுமா, அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு எய்யாமல் இருக்க எவ்வளவு பெரிய கை வேண்டும் என்று தெரியுமா என்று தொடங்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடுக்கா. போலாம்."

வழியில் மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதற்கென்று கேட்பது? விதி சரியாக இருந்தது. அதை அந்த மேடையில் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டு ஆடியவன் அவன்தான். அதனால்தான் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிள்ளான் வீட்டில் அம்மா கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கார் நிற்பதற்கு முன்பே தம்பியின் பக்கக் கண்ணாடிக்கு வந்துவிட்டாள்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சோம்மா," என்றான்.

"அப்போ எடுத்துக்கிட்டாங்கதானே?"

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டியவள் நான்தான் என்று தெரிந்தது. தம்பி கதவைத் திறந்து இறங்கினான். அம்மாவின் தோளில் கைபோட்டான்.

"அக்கா செஞ்ச கேம எடுத்துக்கிட்டாங்கம்மா. சிங்கப்பூர்காரங்க."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவன் பெருமையாகத்தான் சொன்னான். அம்மா சந்தோஷம் தாங்காமல் என் பக்கமாகச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தம்பியை எடுத்துக்கொண்டார்களா என்று அவள் மறுபடி கேட்கும்வரை நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.